எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே?

பத்தாம் வகுப்பு முடித்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு முக்கோணம் போடு. உச்சியில் மின்னழுத்தம், கீழே மின்னோட்டமும் மின்தடையும். எது வேண்டுமோ அதை விரலால் மறை. மிச்சம் இருப்பதைப் பெருக்கு, இல்லையென்றால் வகு. பக்கத்தில் இன்னொரு முக்கோணம்: உச்சியில் திறன், கீழே மின்னழுத்தமும் மின்னோட்டமும். இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் மின்சாரக் கணக்கு முடிந்தது என்பது நம் வகுப்பறைகளில் வேரோடிப்போன கருத்து. பள்ளியிலும் டியூஷனிலும் போட்டித் தேர்வுப் பயிற்சியிலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இயற்பியலிலேயே எளிய பாடம், மதிப்பெண்ணை விடாமல் வாங்கித் தரும் பாடம் என்று இதற்குப் பெயர்.

இந்தக் கருத்து தவறு. தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

சூத்திரத்தில் பிழை இல்லை. 230 வோல்ட்டை 10 ஆம்பியரால் வகுத்தால் 23 ஓம்தான். பெருக்கினால் 2,300 வாட்தான். ஆனால் அந்த 23 எதனுடைய 23? வோல்டேஜை எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தீர்கள், கரண்ட் எந்த வழியாக ஓடியது, அளந்தபோது அந்தப் பொருள் எந்த நிலையில் இருந்தது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவரை வந்த விடை வெறும் எண். அந்த எண்ணை நம்பி வயர் இழுத்தால் சுவர் சூடாகும், மோட்டார் கருகும், உயிரும் போகும்.

ஓம் பட்ட பாடு

விதிக்குப் பெயர் தந்தவரின் வேலையைப் பார்த்தாலே முக்கோண நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மின்கலத்தோடு இணைத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, 1825இல் முதல் முடிவை வெளியிட்டார். அதில் இருந்தது மடக்கை வடிவச் சமன்பாடு. அது தவறானது. அவருடைய கணிதத்தில் குறை இல்லை, மின்கலம்தான் ஏமாற்றியது. கரண்ட் எடுக்க எடுக்க அதன் அழுத்தம் சரிந்துகொண்டே வந்தது. நிலையில்லாத மூலத்திலிருந்து வந்த எண்களுக்கு அவர் சமன்பாடு பொருத்தியிருந்தார்.

போகெண்டார்ஃப் என்ற இயற்பியலாளரின் யோசனைப்படி ஓம் மின்கலத்தைக் கைவிட்டார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு வெப்பநிலைகளும் மாறாமல் நின்றதால் மின் அழுத்தமும் மாறாமல் நின்றது. 1826இல் சரியான சமன்பாடு கிடைத்தது. 1827இல் அது நூலாக வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது.

அந்த 1826ஆம் ஆண்டுச் சமன்பாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மேலே மூலத்தின் வலிமை. கீழே இரண்டு உறுப்புகளின் கூட்டல். ஒன்று சோதிக்கும் கம்பி. மற்றது சுற்றில் அதைத் தவிர இருக்கும் எல்லாமும். கம்பி தனியாக எங்கும் இருப்பதில்லை. மூலம், இணைப்புகள், அளக்கும் கருவி எல்லாம் சேர்ந்த சுற்றின் ஒரு பாகம் அது என்பதை ஓம் சமன்பாட்டுக்குள்ளேயே எழுதிவைத்தார். நாம் அந்த இரண்டாவது உறுப்பை விட்டுவிட்டு மிச்சத்தை முக்கோணத்தில் அடைத்துவிட்டோம். அந்த உறுப்பு எங்கும் போய்விடவில்லை. நம் வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கிறது.

சுவருக்குள் ஒரு ஜாயிண்ட்

2,000 வாட் கீசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர், அதன் காயிலின் மின்தடை ஏறத்தாழ 26.5 ஓம். இதுவரை முக்கோணம் சரியாகவே வேலை செய்கிறது. இந்தக் கீசருக்குப் போகும் வயரில், சுவருக்குள் எங்கோ ஓர் இடத்தில், இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். நாள்பட நாள்பட முறுக்கு தளர்ந்து, துரு ஏறி, அந்த ஜாயிண்டின் மின்தடை அரை ஓம் ஆகிவிட்டது. அங்கே எவ்வளவு வெப்பம் உண்டாகும்?

முக்கோணத்தை மட்டும் தெரிந்த மாணவர் கையில் இருக்கும் எண்களைப் போடுவார். வோல்டேஜ் 230, மின்தடை 0.5. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வாட். அப்படி ஒன்று நடந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போய்விடும் என்பது அவருக்கே தெரியும். எனவே இந்தக் கணக்கு நிஜ வாழ்க்கைக்கு உதவாது என்று புத்தகத்தை மூடிவிடுவார்.

உண்மையில் அந்த 230 வோல்ட், ஜாயிண்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே இல்லை. அது ஜாயிண்டும் கீசரும் சேர்ந்த மொத்தத்துக்கு நடுவே இருக்கிறது. மொத்த மின்தடை 27 ஓம். ஓடும் கரண்ட் சுமார் 8.5 ஆம்பியர், ஜாயிண்டின் குறுக்கே நிற்பது 4.3 வோல்ட் மட்டும். 4.3ஐ 8.5ஆல் பெருக்கினால் சுமார் 36 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகமான சூடு, விரல் நுனி அளவுள்ள ஓர் இடத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், தினமும் காலையில் உண்டாகிறது.

கரண்ட் கூடவில்லை, 8.7இலிருந்து 8.5ஆகக் குறைந்துதான் இருக்கிறது. அதனால் ஃபியூஸும் எம்.சி.பி.யும் சும்மா இருக்கும். கீசர் வழக்கம்போலச் சுடும். மீட்டர் வழக்கம்போல ஓடும். எச்சரிக்க எதுவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கும் அறிவு, எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே என்ற கேள்வியில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கேள்வியை நாம் கற்றுத் தருவதில்லை.

இதே கேள்வியைக் கேட்காததால்தான் இன்னொரு குழப்பமும் பள்ளி முடிந்த பின்னும் தீராமல் நிற்கிறது. திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய தொகை. அதுவே மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்த ஈவு. முதலாவதைப் பார்த்தால் மின்தடை கூடினால் வெப்பம் கூடும். இரண்டாவதைப் பார்த்தால் குறையும். எது சரி? கரண்ட் மாறாமல் நிற்கும் இடத்தில் முதலாவது, வோல்டேஜ் மாறாமல் நிற்கும் இடத்தில் இரண்டாவது என்று சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தெளியும். சொல்லாவிட்டால் பெரிய பெரிய விஷயங்கள் தலைகீழாகப் புரியும்.

மின்சாரத்தைத் தொலைதூரத்துக்குக் கொண்டுபோக ஏன் உயர் அழுத்தம்? 2 ஓம் மின்தடையுள்ள மின்கம்பித் தொடரில் 1,00,000 வாட் அனுப்ப வேண்டும். 1,000 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் ஓடும். கம்பியில் வீணாவது 20,000 வாட். 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர். வீணாவது 200 வாட். அழுத்தத்தைப் பத்து மடங்கு கூட்டினால் இழப்பு நூறில் ஒரு பங்காகிறது. முக்கோண மாணவரோ 10,000ஐ வர்க்கப்படுத்தி 2ஆல் வகுத்து 5 கோடி வாட் இழப்பு என்பார். 10,000 வோல்ட் தொடரின் அந்த முனையில் இருக்கும் ஊருக்கானது. கம்பியின் நீளம் முழுக்க விழுவது வெறும் 20 வோல்ட்.

காவிரியின் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரத்தை 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கவயலுக்குப் பல்லாயிரம் வோல்ட்டில் அனுப்பியவர்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் அனுப்பினார்கள். இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் நேர்திசை மின்தொடர், நேர் 800, எதிர் 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் சுமக்கக் கட்டப்பட்டது. 6,000 மெகாவாட்டை 1,600 கிலோவோல்ட்டால் வகுத்தால் 3,750 ஆம்பியர். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் 1,600ஐ எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது என்று தெரிந்தவருக்கே அது கணக்கு.

நிலை மாறினால் எண்ணும் மாறும்

அடுத்த கேள்வி, பொருளின் நிலை. 60 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 230இன் வர்க்கத்தை 60ஆல் வகுத்தால் சுமார் 882 ஓம். அதே பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 60, 70 ஓம் அளவில்தான் காட்டும். மாணவர் மீட்டரைச் சந்தேகிப்பார், அல்லது புத்தகத்தை. இரண்டும் சரியே. எரியும்போது டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. அந்தச் சூட்டில் அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. மல்டிமீட்டர் அளப்பது குளிர்ந்த இழையை.

குளிர்ந்த மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் 60 வாட் பல்பு 800 வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும். சுவிட்சைப் போட்ட அந்தக் கண நேரத்தில் அது உண்மையும்கூட. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆனதற்கு அந்த முதல் பாய்ச்சல் ஒரு காரணம். ஆக, இரண்டு எண்களுக்கும் வேலை உண்டு. ஒன்று எரியும் பல்பின் மின்தடை, மற்றது எரியத் தொடங்கும் பல்பின் மின்தடை. எந்த நேரம் என்று சொல்லாமல் பல்பின் மின்தடை என்ன என்று கேட்பதே பிழையான கேள்வி.

இங்கே இயற்பியல் படித்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவதற்கு மின்தடை என்று பெயர் வைத்தோம், அது வரையறை, எந்தப் பொருளுக்கும் எந்த நேரத்துக்கும் செல்லும். ஒப்புக்கொள்கிறேன். வகுத்தல் எப்போதும் செல்லும். ஆனால் வகுத்து வந்த எண் அடுத்த அளவிலும் அப்படியே நிற்கும் என்பது வேறு கூற்று. ஓம் விதி என்பது அந்த இரண்டாவது கூற்றுத்தான்: வெப்பநிலையும் மற்ற நிலைகளும் மாறாதபோது, சில பொருள்களில், அந்த எண் மாறாது. நம் பாடத்தில் நிபந்தனையை ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த நாற்பது கணக்குகளில் அதை மறந்துவிடுகிறோம். நிபந்தனை இருக்கும் இடத்தில்தான் அறிவியல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாய்ப்பாடு.

எல்.இ.டி. இன்னும் தெளிவான சாட்சி. வெள்ளை எல்.இ.டி. ஒன்று சுமார் 3 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் கடத்தும். வகுத்தால் 150 ஓம். சரி, 6 வோல்ட் கொடுத்தால் 40 மில்லி ஆம்பியர் ஓடும் என்று எண்ணிக் கொடுத்தால் அது கருகிப்போகும். 3 வோல்ட்டைத் தாண்டிய பிறகு சிறிதளவு அழுத்தம் கூடினாலும் கரண்ட் பாய்ந்து ஏறும் பொருள் அது. 150 ஓம் என்பது ஒரே ஒரு புள்ளியின் செய்தி.

லோ வோல்டேஜ் வழக்கு

நம் ஊரில் எலக்ட்ரீஷியனுக்கும் புத்தகத்துக்கும் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. லோ வோல்டேஜ் என்றால் கரண்ட் அதிகம் இழுக்கும், பில் எகிறும் என்பார் எலக்ட்ரீஷியன். வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறைய வேண்டும், முக்கோணம் அப்படித்தானே சொல்கிறது என்பார் மாணவர். ஒருவர் மற்றவரை மதிப்பதில்லை. இருவரும் பாதி சரி, பாதி தவறு.

கீசருக்கு வருவோம். அதன் காயில் நிக்ரோம். சூடானாலும் அதன் மின்தடை அதிகம் மாறாது. 230 வோல்ட் 180ஆகக் குறைந்தால் கரண்ட் 8.7இலிருந்து 6.8ஆக இறங்கும், திறன் 2,000 வாட்டிலிருந்து 1,225 வாட்டுக்குச் சரியும். 15 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக முன்பு 17 நிமிடம். இப்போது 28 நிமிடம். செலவாகும் மின்சாரம் இரண்டு முறையும் 0.58 யூனிட் அளவுதான். காத்திருக்கும் நேரம் கூடியது; பில் எகிறவில்லை. இங்கே மாணவர் சொன்னது சரி.

வயலில் இருக்கும் 5 எச்.பி. மோட்டார் வேறு வகை. அதன் வேலை கிணற்று நீரை மேலே ஏற்றுவது. அழுத்தம் குறைந்தாலும் ஏற்ற வேண்டிய உயரம் குறையாது. மோட்டாரின் வேகமும் சிறிதளவே குறையும். அதே வேலையைக் குறைந்த அழுத்தத்தில் முடிக்க அது கரண்டைக் கூட்டித்தான் ஆக வேண்டும். 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் அளவில் ஓடிய மோட்டார் 9 ஆம்பியர் இழுத்தால் கூடியது இருபது சதவீதம்தான். ஆனால் வைண்டிங்கில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது 44 சதவீதம் கூடுகிறது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், கம்பிச் சுருளை நீரில் மூழ்கடித்து வெப்பமானி வைத்து அளந்து 1841இல் வெளியிட்டார். கோடையில் காயில் கட்டும் கடைகளில் குவியும் கருகிய மோட்டார்களுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் அந்த வர்க்கமும் ஒன்று. இங்கே எலக்ட்ரீஷியன் சொன்னது சரி.

மோட்டாரில் முக்கோணம் ஏமாற்றும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டு 1 எச்.பி. பம்புக்குக் கிளாம்ப் மீட்டர் 6 ஆம்பியர் காட்டுகிறது. 230ஆல் பெருக்கினால் 1,380. இதை வாட் என்று எழுதினால் தவறு. மாறுதிசை மின்சாரத்தில் மோட்டாரின் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது. திறன் காரணி 0.75 என்றால் மோட்டார் உண்மையில் வாங்கும் திறன் 1,035 வாட். 230ஐ 6ஆல் வகுத்து வரும் 38 ஓமும் வைண்டிங்கின் மின்தடை ஆகாது. வைண்டிங்கை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்களே காட்டும். மீதியை ஓடும் மோட்டாரே எதிர் அழுத்தமாக உண்டாக்குகிறது. மோட்டார் நின்றபடி உறுமினால் அந்த எதிர் அழுத்தம் இல்லாமல் போய், கரண்ட் பல மடங்கு பாயும்.

ஆக, ஒரே வோல்டேஜ் குறைவு கீசரில் கரண்டைக் குறைக்கிறது, மோட்டாரில் கூட்டுகிறது. எந்த முக்கோணமும் இதைச் சொல்லாது. பொருளைத் தெரிந்தவர்தான் சொல்வார்.

உடம்பும் எர்த்தும்

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த அலட்சியத்தை மன்னிக்க முடியாது. எம்.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர்ந்த தோலின் மின்தடை அதிகம். ஈரமான கை, ஈரத் தரை, 230 வோல்ட் என்றால் உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகத் தொடங்கும்; 230 என்பது இதயத்தை நிறுத்தப் போதுமானது. ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதன் அளவைத் தொடவே இருபத்தைந்து மடங்குக்கு மேல் கூட வேண்டும். எம்.சி.பி. வயரைக் காக்க வந்தது. மனிதரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி.

எர்த் இருக்கிறதே என்பார்கள். அதையும் வகுத்துப் பார்க்க வேண்டும். கோடையில் மண் காய்ந்து, எர்த் குழியின் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டது. வாஷிங் மெஷினுக்குள் பேஸ் வயர் உடம்புத் தகட்டைத் தொட்டுவிட்டது. 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தின் மின்தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் தகட்டில் ஆளைக் கொல்லும் அழுத்தம் நின்றபடி. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்ன பழைய வயர்மேன்கள் காரணத்தோடுதான் சொன்னார்கள்: அந்த 20 ஓமைக் குறைக்க. இது ஓம் எழுதிய அதே சமன்பாடு. நாம் கழற்றி எறிந்த அந்த இரண்டாவது உறுப்பு.

சொல்லப்படும் சமாதானங்கள்

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டுமா, முதலில் சூத்திரம் வரட்டும், நுணுக்கம் பிறகு வரும் என்பது முதல் சமாதானம். ஆசிரியர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் ‘பிறகு’ பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதே இல்லை. பத்தாம் வகுப்போடு இயற்பியலை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் அடுத்த ஆண்டே வயரிங் வேலைக்குப் போய் நம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள். அவர்கள் கையில் நாம் கொடுத்தனுப்புவது நிபந்தனை இல்லாத முக்கோணம். மேலும் இது கடினமான பாடமும் அல்ல. ஒரு பேட்டரி, தொடர்ச்சுற்றில் இணைத்த இரண்டு டார்ச் பல்பு, ஒரு வோல்ட் மீட்டர் போதும். மீட்டரின் முனைகளை ஒரு பல்பின் குறுக்கே வை, பிறகு இரண்டின் குறுக்கே வை, பிறகு வெறும் கம்பியின் குறுக்கே வை. மூன்று எண்களும் ஏன் வேறு என்று கேள். ஒரு பாடவேளையில் முடிகிற வேலை.

அனுபவம் போதும், மீட்டரும் கணக்கும் எதற்கு என்பது தொழிலின் பக்கத்திலிருந்து வரும் சமாதானம். அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மோட்டார் விஷயத்தில் புத்தகத்தைவிட அது சரியாக இருந்ததை மேலே பார்த்தோம். ஆனால் அனுபவம் பழைய சுமைகளை மட்டுமே அறியும். இரண்டு டியூப் லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இன்று மின்சாரக் காரின் சார்ஜரைச் செருகுகிறார்கள். அந்தச் செம்பு வயரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம். போர்டிலிருந்து 20 மீட்டர் தள்ளிச் செருகினால் போக வர 40 மீட்டர், 0.72 ஓம். 15 ஆம்பியர் இழுத்தால் ஏறத்தாழ 11 வோல்ட் வழியிலேயே விழும். சுவருக்குள் 160 வாட் வெப்பம், இரவு முழுக்க. எரிந்த பிறகு கற்றுத் தருவது அனுபவம். எரிவதற்கு முன் சொல்வது கணக்கு.

தேர்வில் கேட்பதில்லையே என்பது மூன்றாவது. அங்கேதான் மாற்றம் தொடங்க வேண்டும். இன்றைய கேள்வி இரண்டு எண்களைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்கிறது. அது பெருக்கலைச் சோதிக்கிறதே தவிர மின்சாரத்தைச் சோதிக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு குண்டு பல்புக்கு வெவ்வேறு வோல்டேஜில் ஓடிய கரண்டை அட்டவணையாகக் கொடுத்து, இதன் மின்தடை மாறிலியா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். ஒரு சுற்றை வரைந்து தளர்ந்த ஜாயிண்டைக் காட்டி, அங்கே உண்டாகும் வெப்பத்தையும் எம்.சி.பி. ஏன் அசையாது என்பதையும் கேளுங்கள். 180 வோல்ட்டில் ஹீட்டர் என்ன ஆகும், பம்பு மோட்டார் என்ன ஆகும் என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றிலும் தேவைப்படும் கணிதம் அதே பெருக்கலும் வகுத்தலும்தான். கூடுதலாகத் தேவைப்படுவது, எழுதும் எண் எதனுடையது என்ற தெளிவு.

விடைத்தாள் திருத்தும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். இப்போது சூத்திரம் எழுதினால் மதிப்பெண், அலகு எழுதினால் மதிப்பெண். அத்தோடு, எடுத்துக்கொண்ட மின்னழுத்தம் எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ளது என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கொடுங்கள், எழுதாவிட்டால் குறையுங்கள். தேர்வுக்காகப் படிக்கும் பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தியே சரியான கேள்வியை லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் பதிய வைக்க முடியும். அதற்குப் புதிய புத்தகமோ புதிய ஆய்வகமோ தேவையில்லை. அடுத்த கேள்வித்தாளைத் தயாரிக்க உட்காரும் ஆசிரியர் குழு நினைத்தால் போதும்.